கையில் இரண்டு நான்கு: போக்கரில் சின்ன ஜோடியை ஆடும் முறை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் சீட்டுக்கட்டு இல்லாத வீடு குறைவு. கல்யாண மண்டபத்தில் முதல் நாள் இரவு, துக்க வீட்டில் விடியும் வரை, மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி மாலைகளில் என்று ரம்மியும் மூன்று சீட்டும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களும் இப்போது அந்தப் பாயில் போக்கரையும் கொண்டுவந்து விரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் 'டெக்ஸாஸ் ஹோல்டெம்' வகை. அதிலும் கையிருப்பு மொத்தத்தையும் ஒரே முறையில் நடுவில் தள்ள அனுமதிக்கும் 'நோ லிமிட்' ஆட்டம்.

புதிதாக ஆடுகிறவர்கள் இரண்டு விஷயங்களை உறுதியாக நம்புகிறார்கள். கையில் ஜோடி வந்தால் இறங்கி அடிக்க வேண்டும் என்பது ஒன்று. ஆஸ் ஜோடிக்கும் ராஜா ஜோடிக்கும் அது பொருந்தும். இரண்டு-இரண்டு முதல் ஆறு-ஆறு வரையிலான சின்ன ஜோடிகளுக்குப் பொருந்தாது. இணையத்தில் நாலு காணொளி பார்த்தவர்கள் சொல்வது இன்னொன்று: "எட்டு தடவைக்கு ஒரு தடவை அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழும், அதனால் எப்போதும் தொடரலாம்." இதில் எண் கிட்டத்தட்டச் சரி, முடிவு தவறு. சின்ன ஜோடியின் மதிப்பு அந்த ஜோடியில் இல்லை; எதிரே உட்கார்ந்திருப்பவரின் முன்னால் எவ்வளவு சிப் (பந்தயம் வைக்கும் வில்லை) அடுக்கியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கணக்குக்குள் போகும் முன் ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பாராமல் தடை செய்கிறது. இணைய ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் தொலைத்து உயிரையே மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாட்டில் எத்தனையோ முறை படித்துவிட்டோம். அதனால் இங்கே வரும் கணக்கெல்லாம் பிளாஸ்டிக் சிப் கணக்கு. போக்கரை ரசிக்க அதுவே போதும்.

ஆட்டம் நடக்கும் விதம்

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். அந்த இரண்டும் ஒரே எண்ணாக அமைந்தால் அது 'பாக்கெட் ஜோடி'. பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் நடுவில் திறக்கப்படும். முதலில் மூன்று ஒன்றாக வரும், அது 'ஃப்ளாப்'. நான்காவது 'டர்ன்', ஐந்தாவது 'ரிவர்'. கையில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள ஐந்துமாகச் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி முடிவாகும்.

கைச்சீட்டு வந்ததும் ஒரு பந்தயச் சுற்று. ஃப்ளாப், டர்ன், ரிவர் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு சுற்று. ஒருவர் வைத்த அதே அளவை வைத்துத் தொடர்வது 'கால்'. அதைக் கூட்டி வைப்பது 'ரெய்ஸ்'. சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவது 'ஃபோல்ட்'. எதுவும் வைக்காமல் அடுத்தவருக்கு விடுவது 'செக்'. சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்க வேண்டிய சிறு தொகை 'பிளைண்ட்'. மூன்று சீட்டில் சீட்டைப் பார்க்காமல் ஆடுவதை இதே பெயரில் சொல்வார்கள். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒருவர் முன்னால் உள்ள மொத்த சிப் அவருடைய 'ஸ்டாக்'.

'சின்ன மேசை' என்று சொல்வது பிளைண்ட் சிறியதாக இருக்கும் மேசையை. கோவா கேசினோவில் மிகக் குறைந்த தொகைக்கு ஆடும் மேசையானாலும், நம் வீட்டு மொட்டை மாடியில் காசில்லாமல் ஆடுவதானாலும், அங்கே உட்காருகிறவர்களின் குணம் ஒன்றுதான். சீட்டைக் கவிழ்த்து விலக மனம் வராது. எதற்கும் கால் செய்து 'என்னதான் வருகிறது, பார்க்கலாம்' என்பார்கள். இந்தக் குணம் சின்ன ஜோடிக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

மூன்று சீட்டு பழக்கிவைத்த கண்

சின்ன ஜோடியைப் பெரிதாக மதிக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? நம் ஊரில் அது பெரும்பாலும் மூன்று சீட்டிலிருந்து வருகிறது என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று சீட்டு மட்டும் கையில் இருக்கும் ஆட்டத்தில் ஜோடி உண்மையிலேயே நல்ல சீட்டு. 52 சீட்டுகளிலிருந்து மூன்றை எடுத்தால் 22,100 விதமாக அமையலாம். அவற்றில் 16,440-இல் ஜோடிகூட இருக்காது. ஆஸ் பெரிதா ராணி பெரிதா என்று தனிச்சீட்டைத்தான் ஒப்பிட வேண்டும். அதாவது நான்கில் மூன்று கைகளை இரண்டு-இரண்டு ஜோடியே அடித்துவிடும். அதை வைத்து இறங்கி ஆடுகிறவர் தவறு செய்யவில்லை.

ஹோல்டெமில் ஒருவருக்கு மூன்று சீட்டு இல்லை, ஏழு இருக்கின்றன. ஏழு சீட்டில் ஜோடிகூட அமையாமல் போவது 100-இல் சுமார் 17 முறைதான். 44 முறை ஒரு ஜோடி அமைகிறது, 23 அல்லது 24 முறை இரண்டு ஜோடி அமைகிறது, மீதியில் அதற்கும் மேலானவை வருகின்றன. எல்லோரிடமும் ஜோடி இருக்கும் ஊரில் நான்கு-நான்கு ஜோடி அடிவரிசையில்தான் நிற்க முடியும். ஆட்டம் மாறிவிட்டது, கண் மட்டும் மாறவில்லை.

சுருக்கமாக: மூன்று சீட்டில் பலமான ஜோடி, ஏழு சீட்டு ஆட்டத்தில் சாதாரணமானது. சின்ன ஜோடி அதிலும் கீழானது.

'நான் முன்னால் இருக்கிறேன்' என்ற எண்ணம்

இதற்கு மறுப்பு ஒன்று உடனே வரும். "என் நான்கு-நான்கு, அவருடைய ஆஸ்-ராஜாவைவிட மேல்தானே? அவரிடம் ஜோடியே இல்லையே!"

உண்மைதான். இருவரும் எல்லா சிப்பையும் முன்பே நடுவில் தள்ளிவிட்டு ஐந்து சீட்டையும் வரிசையாகத் திறந்து பார்த்தால், சின்ன ஜோடி பாதிக்குச் சற்று மேலான முறை ஜெயிக்கும். பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எதிரே இருப்பது பெரிய ஜோடி என்றால் நிலைமை மோசம். சுமார் ஐந்தில் ஒரு முறைதான் சின்ன ஜோடி தப்பிக்கும்.

ஆனால் வழக்கமான ஆட்டத்தில் சிப்பை முன்பே தள்ளிவிட்டு யாரும் உட்காருவதில்லை. ஃப்ளாப் வந்ததும் பந்தயம், டர்ன் வந்ததும் பந்தயம், ரிவருக்கும் பந்தயம். ஐந்து-ஐந்து ஜோடி வைத்திருப்பவருக்கு, ஃப்ளாப்பின் மூன்று சீட்டில் ஒன்றாவது ஐந்தைவிடப் பெரிதாக வருவது 100-இல் 98 முறை. ஆறு-ஆறு ஜோடிக்கு 96 முறை. நடுவில் ராணியும் பத்தும் எட்டும் கிடக்கின்றன, எதிராளி பந்தயம் வைக்கிறார். அவரிடம் ராணி இருக்கிறதா, வெறும் மிரட்டலா? கண்டுபிடிக்கவே மூன்று சுற்றுக்குக் காசு கட்ட வேண்டும். நீங்கள் முன்னால் இருந்தாலும் அது உங்களுக்குத் தெரியாது. பின்னால் இருந்தால் தெரிந்துகொள்ளும்போது ஸ்டாக்கில் பாதி போயிருக்கும். தொடக்கத்தில் முன்னிலை இருக்கிறது. அதைக் காசாக்க வழி இல்லை.

அப்படியானால் எதற்காக ஆடுவது?

மூன்றாவது சீட்டு

ரம்மி ஆடுகிறவர்களுக்கு இது பழகிய ஏக்கம்: கையில் இரண்டு நான்கு இருக்கிறது, மூன்றாவது நான்கு வந்தால் செட். ஹோல்டெமிலும் அதன் பெயர் 'செட்' என்பதுதான்: கையில் ஜோடி, நடுவில் அதே எண்ணில் ஒரு சீட்டு.

செட் பலமானது என்பது ஒரு காரணம். ஃப்ளாப்பிலேயே செட் அமைந்தால், எதிராளியின் பெரிய ஜோடியைச் சுமார் பத்தில் ஒன்பது முறை அது வெல்லும். அதைவிட முக்கியமான காரணம், செட் கண்ணில் படாது. நடுவில் ராஜா, ஒன்பது, நான்கு என்று கிடக்கும்போது அந்த நான்கைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இதே மூன்று நான்கு வேறு விதமாகவும் அமையலாம்: நடுவில் நான்கு-நான்கு என்று இரண்டு கிடக்க, கையில் ஒன்று இருப்பது. அப்போது மேசையில் உள்ள எல்லோரும் அந்த இரண்டு நான்கையும் பார்த்து எச்சரிக்கையாகிவிடுவார்கள். செட்டில் மூன்றில் இரண்டு உங்கள் உள்ளங்கைக்குக் கீழே இருக்கிறது. ராஜா வைத்திருப்பவர் தன்னைத்தான் முதலாளியாக நினைத்துக்கொண்டிருப்பார்.

எவ்வளவு அடிக்கடி விழும்? உங்களிடம் இரண்டு நான்கு, கட்டில் மீதி 50 சீட்டு, அவற்றில் நான்கு என்ற எண் உள்ளவை இரண்டு. ஃப்ளாப்பில் மூன்று சீட்டு திறக்கிறது. அந்த மூன்றில் குறைந்தது ஒரு நான்கு இருக்கும் வாய்ப்பு 11.8 சதவீதம். எட்டரை முறைக்கு ஒரு முறை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வேறு விதமாகச் சொன்னால், ஒரு முறை விழுவதற்கு ஏழரை முறை தவறும்.

சுருக்கமாக: சின்ன ஜோடி என்பது செட்டுக்கான முயற்சி. முயற்சி பெரும்பாலும் தவறும், விழுந்தால் மறைவான பலமான சீட்டு.

படகின் டீசல் கணக்கு

தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கரையில் நின்று ஃபைபர் படகுகள் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. படகு தண்ணீரில் இறங்கும் முன்பே டீசல் செலவு நிச்சயம். மீன்பாடு நிச்சயமில்லை. பல நாள் வெறும் வலையோடு திரும்ப வேண்டியிருக்கும், ஒரு நாள் வஞ்சிரம் மாட்டும். அந்த ஒரு நாளின் வரவு, வெறும் வலையோடு திரும்பிய நாட்களின் டீசலையெல்லாம் அடைத்து மேலும் மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் தொழில், இல்லாவிட்டால் கடன். ஆகவே "மீன் கிடைக்குமா" என்று மட்டும் கேட்பவர் பாதிக் கேள்விதான் கேட்கிறார். "கிடைத்தால் எவ்வளவு கிடைக்கும், டீசல் எவ்வளவு ஆகும்" என்பதுதான் மீதிப் பாதி.

சின்ன ஜோடியில் டீசல் என்பது ஃப்ளாப்பைப் பார்க்க நீங்கள் வைக்கும் சிப். மீன்பாடு என்பது செட் விழுந்த பிறகு எதிராளியிடமிருந்து வரக்கூடிய சிப். இந்த இரண்டின் விகிதத்துக்குத்தான் போக்கரில் 'இம்ப்ளைட் ஆட்ஸ்' என்று பெயர்: இப்போது நடுவில் கிடப்பதை மட்டும் பாராமல், இனி வரப்போவதையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு.

எண்ணில் போட்டுப் பார்ப்போம். பிளைண்ட் 1-2, அதாவது ஒருவர் 1 சிப், அடுத்தவர் 2 சிப். எதிராளி 8 சிப்புக்கு ரெய்ஸ் செய்கிறார், நீங்கள் மட்டும் 8 வைத்து கால் செய்கிறீர்கள், பிளைண்ட் வைத்த இருவரும் விலகுகிறார்கள். நடுவில் 19 சிப். அவற்றில் உங்களுடையதல்லாதது 11.

ஒரு முறை செட் விழுவதற்கு ஏழரை முறை தவறுகிறது. தவறும் ஒவ்வொரு முறையும் 8 போகிறது. ஏழரை எட்டு 60. ஆக, செட் விழும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 60 சிப்பாவது உங்களுக்கு வந்தாக வேண்டும். 11 நடுவில் ஏற்கெனவே இருக்கிறது. மீதி 49-ஐ ஃப்ளாப்புக்குப் பிறகு எதிராளியிடமிருந்து பெற வேண்டும். அது வெறும் முதலுக்கு முதல். லாபம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

இப்போது எதிராளியின் ஸ்டாக்கைப் பாருங்கள். அவர் 40 சிப்போடு உட்கார்ந்திருந்தார் என்றால், 8 வைத்த பிறகு அவரிடம் 32 மீதி. செட் விழும் ஒவ்வொரு முறையும் அவர் கடைசி சிப் வரை கொட்டிக் கொடுத்தாலும் உங்களுக்கு வருவது 11-உம் 32-உம் சேர்த்து 43. தேவை 60. எவ்வளவு அருமையாக ஆடினாலும் நஷ்டம். அந்தக் கடலில் மீனே இல்லை.

அவரிடமும் உங்களிடமும் 200 சிப் இருந்தால்? 8 போக 192 மீதி. அதில் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வந்தாலே முதல் தேறிவிடும். இதே சீட்டு, இதே 8 சிப், இதே எதிராளி. ஸ்டாக் மட்டும் மாறியதும் தவறான ஆட்டம் சரியான ஆட்டமாகிவிட்டது.

"எட்டில் ஒன்று விழும், அதனால் எட்டு மடங்கு இருந்தால் போதும்" என்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். செட் விழுந்த ஒவ்வொரு முறையும் எதிராளி முழு ஸ்டாக்கையும் தருவார் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தரமாட்டார். ஆஸ்-ராஜா போன்ற ஜோடியில்லாத கையில் ரெய்ஸ் செய்தவருக்கு ஃப்ளாப்பில் ஜோடி அமைவது சுமார் மூன்றில் ஒரு முறைதான். மற்ற நேரங்களில் அவர் ஒரு பந்தயத்தோடு விலகிவிடுவார். சில முறை செட்டே தோற்கும். அதனால் அனுபவசாலிகள் வைத்திருக்கும் எளிய அளவுகோல் இது: நீங்கள் கால் செய்ய வேண்டிய தொகையைப் போல 15 முதல் 20 மடங்கு, இருவரில் சிறிய ஸ்டாக்கில் இருக்க வேண்டும். 8 சிப் என்றால் 120 முதல் 160 வரை. சிறிய ஸ்டாக் என்று சொல்வதற்குக் காரணம், உங்களிடம் ஆயிரம் இருந்தாலும் அவரிடம் 40 இருந்தால் அவரிடமிருந்து 40-க்கு மேல் வாங்க முடியாது.

எதிராளி எப்படிப்பட்டவர் என்பதும் கணக்கில் சேரும். ஜோடி கிடைத்தால் விடவே விடாதவர் என்றால் 15 மடங்கு போதும். ஆபத்து வாடை வந்தவுடன் விலகும் கெட்டிக்காரர் என்றால் 20 மடங்கும் போதாது. சின்ன மேசையில் முதல் வகையினர்தான் நிறைய. சின்ன ஜோடி அங்கே அதிக விலை பெறுவது அதனால்தான். மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஃப்ளாப் பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஆளுக்கு ஆள் நடுவில் சிப் கூடுகிறது, நமக்குக் கொடுக்கக்கூடியவர்களும் கூடுகிறார்கள்.

சுருக்கமாக: கால் செய்யும் முன் கைச்சீட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் எதிராளியின் ஸ்டாக்கை எண்ணிப் பாருங்கள். 15 மடங்குக்குக் கீழே என்றால் ஃபோல்ட்.

ஒரு கை, அருகிலிருந்து

முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் ஆட்டத்தில் ஒரு கையைப் பார்த்தேன். காசு கிடையாது, ஆளுக்கு 200 பிளாஸ்டிக் சிப், பிளைண்ட் 1-2. எல்லோரும் 'மாமா' என்று கூப்பிடும் பெரியவர் 8 சிப்புக்கு ரெய்ஸ் செய்தார். அவருக்கு அடுத்தவர் கால். கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில் நண்பரின் தங்கை, கல்லூரி மாணவி. அவளிடம் ஸ்பேட் நான்கு, டைமன் நான்கு. மாமாவின் அடுக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு 8 வைத்தாள். பிளைண்ட் இருவரும் விலகினார்கள். நடுவில் 27.

ஃப்ளாப்: ஆட்டின் ராஜா, கிளாவர் ஒன்பது, ஆட்டின் நான்கு.

மாமா 18 வைத்தார். நடுவில் இருந்தவர் விலகினார். அவள் யோசிக்காமல் 54-ஆகக் கூட்டினாள்.

பலர் இந்த இடத்தில்தான் பதுங்குவார்கள். செட் விழுந்துவிட்டது, சத்தம் போட்டால் மீன் ஓடிவிடும் என்று வெறுமனே கால் செய்வார்கள். சின்ன மேசையில் அது பெரும்பாலும் தவறு. ராஜா கிடைத்தவர் 54-க்கும் வருவார். அப்படிப்பட்டவரிடம் 18 மட்டும் வாங்குவது எதற்கு? அடுத்து, நடுவில் இரண்டு ஆட்டின் கிடக்கிறது. யாரிடமாவது இரண்டு ஆட்டின் இருந்தால், டர்னில் மூன்றாவது ஆட்டின் விழ சுமார் ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. விழுந்தால் ஐந்தும் ஆட்டினாகி செட்டை அடித்துவிடும். அந்த ஆசையோடு உட்கார்ந்திருப்பவரைச் சும்மா பார்க்கவிடக் கூடாது. மூன்றாவதாக, ரிவருக்குள் 200-உம் நடுவில் போக வேண்டுமென்றால் இப்போதே குவியலைப் பெருக்கியாக வேண்டும். பந்தயம் குவியலின் அளவையொட்டித்தான் வளரும். சிறிய குவியலில் கடைசியில் திடீரென்று 150 வைத்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

மாமா சீட்டின் ஓரத்தை மறுபடி தூக்கிப் பார்த்தார். "என்னம்மா, ராஜாவா வைத்திருக்கிறாய்?"

"பாருங்கள் மாமா, தெரியும்."

கால் செய்தார். நடுவில் 135. டர்ன்: ஸ்பேட் ஏழு. மாமா செக். அவள் 70 வைத்தாள், மாமா கால். நடுவில் 275. ரிவர்: டைமன் இரண்டு. மாமா மறுபடி செக். அவள் மீதி 68-ஐயும் தள்ளினாள். மாமா கொஞ்ச நேரம் நடுச்சீட்டுகளையே பார்த்தார். ஆட்டின் விழவில்லை, பயப்பட எதுவும் தெரியவில்லை. 68-ஐயும் தள்ளிவிட்டு ஆஸ்-ராஜாவைத் திறந்தார்.

மொத்தம் 411 சிப். அவள் போட்ட 200 போக வரவு 211. அதில் மாமாவுடையது 200, விலகியவரின் 8, பிளைண்ட் 3. ஆரம்பத்தில் அவள் பணயம் வைத்தது 8. இதுபோல ஒரு கை அமைந்தால், தவறிப்போகும் 26 முயற்சிகளின் செலவை அது தாங்கும்.

மாமா சொன்னது மனதில் நிற்கிறது: "ராஜாவை வைத்துக்கொண்டு எப்படியம்மா விடுவது?" செட் காசாவது அந்தக் கேள்வியால்தான். நடுவில் ராஜா விழவில்லை என்றால் 18-ஓடு முடிந்திருக்கும்.

விழாவிட்டால்

இந்தப் பகுதி சிறியது. ஆனால் காசு பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

ஃப்ளாப்பில் செட் விழவில்லை. இனி டர்னில் விழ வாய்ப்பு 47-இல் 2, நாலேகால் சதவீதம். டர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்தாலும் எட்டரை சதவீதத்தைத் தாண்டாது. அந்த இரண்டு சீட்டுக்காக மேலும் மேலும் வைப்பது, வலையில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் இருட்டில் இன்னும் தூரம் போவது. எதிராளி பந்தயம் வைத்தால் ஃபோல்ட். 8 சிப் போயிற்று, அது முன்பே எழுதிவைத்த செலவு.

விலக்குகள் உண்டு. ஆறு-ஆறு கையில் இருக்க, நடுவில் ஐந்து, மூன்று, இரண்டு என்று வந்தால் உங்கள் ஜோடிதான் மேலே. ஒரு பந்தயம் வைத்துப் பார்க்கலாம். எதிரே ஒருவர் மட்டும் இருந்து அவரும் இரண்டு முறை செக் செய்தால், பெரும்பாலும் அவரிடமும் ஒன்றுமில்லை. சிறிதாக ஒரு பந்தயம் வைத்து எடுத்துவிடலாம். ஆனால் தொடக்கக்காரர் முதலில் பழக வேண்டியது விலக்கை அல்ல, விலகுவதை. "ஜோடி கையில் இருக்கும்போது எப்படி விலகுவது" என்ற மனத்தாங்கல் ஒரு மாலையில் நாலைந்து முறை வந்தால், அடுத்து விழும் செட்டின் வரவு முழுவதும் அதற்கே போய்விடும்.

தொடவே கூடாத நேரங்கள்

ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் வந்தால் சின்ன ஜோடியைக் கவிழ்த்துவிட்டு விலகிவிடுங்கள். நீங்கள் 8 வைத்த பிறகு பின்னாலிருந்து ஒருவர் 30 என்கிறார். மேலும் 22 வைக்க வேண்டும். உங்களிடம் மீதி 192. ஒன்பது மடங்குகூட இல்லை. அளவுகோல் 15. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

முன்னதாகவே முடிவெடுக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்து, பின்னால் அடிக்கடி ரெய்ஸ் செய்கிறவர்கள் இருந்தாலும் எச்சரிக்கை தேவை. 2 வைத்து மலிவாகப் பார்க்கலாம் என்று இறங்கி, 12 கட்டும்படி ஆகிவிடும். கடைசியாக முடிவெடுப்பவருக்கு எல்லோருடைய விலையும் முன்பே தெரிந்துவிடுகிறது. சின்ன ஜோடிக்கு அந்த இடம்தான் சிறந்தது.

போட்டி ஆட்டங்களில் ஸ்டாக் தேய்ந்து பெரிய பிளைண்டைப் போலப் பத்து மடங்கு மட்டும் மிஞ்சிய நிலை வேறு. அங்கே செட்டுக்காகக் காத்திருக்க சிப் கிடையாது. முன்னால் யாரும் இறங்கவில்லை என்றால் எல்லாவற்றையும் தள்ளி, மற்றவர்களை விலகச் செய்வதற்கும், வந்தால் பூவா தலையா பார்ப்பதற்கும் சின்ன ஜோடி உதவும். முன்னிலை காசாகும் இடம் அது ஒன்றுதான், ஏனென்றால் அதன் பிறகு பந்தயச் சுற்று கிடையாது.

செட் மேல் பெரிய செட் விழுந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களும் எதிராளியும் ஆளுக்கொரு ஜோடி வைத்திருக்கும்போதுகூட, ஃப்ளாப்பிலேயே இருவருக்கும் செட் விழுவது சுமார் நூறில் ஒரு முறை. அந்த நூறில் ஒன்றுக்குப் பயந்து மற்ற நேரங்களில் பம்மி ஆடினால் இழப்பதே அதிகம்.

சீட்டுக்கட்டை எடுத்துப் பாருங்கள்

ஆடுவதற்கு முன் வீட்டில் ஒரு பயிற்சி. இரண்டு நான்கை எடுத்துத் தனியே வையுங்கள். மீதி 50 சீட்டை நன்றாகக் குலுக்கி, மேலிருந்து மூன்றைத் திறவுங்கள். நான்கு வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு புள்ளி. மறுபடி சேர்த்துக் குலுக்குங்கள். நூறு முறை செய்தால் பதினொன்று, பன்னிரண்டை ஒட்டிக் கோடுகள் விழும். சற்றுக் கூடக் குறைய இருக்கலாம்.

கோடுகளைவிடப் புள்ளிகளின் வரிசையைக் கவனியுங்கள். எட்டரைக்கு ஒன்று என்றால் ஒன்பதாவது முறை கட்டாயம் விழும் என்று மனம் எதிர்பார்க்கும். சீட்டுக்கு அந்த நினைவு கிடையாது. எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாலும், அடுத்த பத்து முறையும் தொடர்ந்து தவறுவதற்கு நான்கில் ஒன்றுக்கும் அதிகமான வாய்ப்பு இருக்கிறது. இருபது முறை தவறுவதற்கும் 100-இல் 8. பத்துப் புள்ளி வரிசையாக விழும்போது பதினோராவது சீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று கை துறுதுறுக்கும். அப்போதும் விலை அதே 8 சிப்தான், அதே 15 மடங்குதான்.